பென்சிலில் எடுத்த அட்டென்டன்ஸ்

நம் நாலாம் வகுப்பு 'பி' பிரிவின் குரூப் போட்டோவை உங்களில் ஒரு புண்ணியவான் வாட்ஸப்பில் போட்டு மூன்று வாரம் ஆகிறது. நடுவில் வெள்ளி நிறக் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஈயென்று இளித்துக்கொண்டு நிற்கிற இரட்டைப் பின்னல்காரி நான்தான். அந்தப் போட்டோவுக்குக் கீழே எத்தனை இதயங்கள், எத்தனை கைதட்டல்கள்! "அந்தக் காலம் மாதிரி வருமா", "நம்ம ஸ்கூல் சொல்லிக்கொடுத்த டிசிப்ளின்தான் இன்னிக்கும் சோறு போடுது" என்று ஆளாளுக்கு உருகியிருந்தீர்கள். மறுநாள் அட்மின் எழுதினார்: "நாற்பத்தொரு பேரையும் கண்டுபிடிச்சாச்சு. ஃபுல் ஸ்ட்ரெங்த். மாமல்லபுரத்தில் ரிசார்ட் புக் பண்ணிடலாமா?"

நாற்பத்தொன்று என்ற அந்த எண்ணை நான் இரண்டு தடவை படித்தேன். நான் பதிலுக்கு ஒரே ஒரு வரி எழுதினேன். "நாம் நாற்பத்திரண்டு பேர்." எல்லோரும் படித்தீர்கள், நீல டிக் விழுந்தது. அரை மணி நேரம் கழித்து ஒருவர் குட்மார்னிங் ரோஜாப்பூ அனுப்பினார். அப்போது மணி மாலை நாலு. அதனால்தான் இப்போது நீளமாக எழுதுகிறேன். நமக்கெல்லாம் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, பாதிப் பேர் பிரஷர் மாத்திரை போடுகிறோம். இனியும் சொல்லாவிட்டால் எப்போது சொல்வது?

கேபிள் டி.வி. நம் ஊருக்கு வந்த வருஷம் அது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பை வெட்டிவிட்டுக் கட்டிய பள்ளிக்கூடம். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பின்னால் கொஞ்சம் நடந்தால் கடல். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி முதல் கணக்கு டீச்சரின் சைக்கிள் வரை எல்லாம் துருப்பிடித்திருக்கும். நம்மில் முக்கால்வாசிப் பேர் அணுமின் ப்ளான்ட்டில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள். எந்தெந்த மாவட்டத்திலிருந்தோ வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். மிச்சம் பேர் வெளியாட்களின் பிள்ளைகள். 'வெளியாட்கள்' என்றால் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்று அர்த்தம். எவ்வளவு திமிர் பாருங்கள், வந்து குடியேறியவர்கள் நாம், வெளியாட்கள் அவர்கள்.

நம் பள்ளிக்கூடத்தின் கரஸ்பாண்டென்ட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஏதோ ஒரு பெரிய ஃபாக்டரியில் பாதுகாப்புப் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவர். சஃபாரி சூட், கழுத்தில் சிவப்புக் கயிற்றில் ஒரு ஸ்டாப்வாட்ச். அந்த வாட்ச் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. ரிட்டையர் ஆனவருக்குப் பொழுது போகவில்லை, நம் தலையில் வந்து விடிந்தது. குழந்தைகளின் பாதுகாப்புதான் பள்ளிக்கூடத்தின் முதல் பாடம் என்று வாசலில் போர்டே வைத்திருந்தார். சென்னையில் எங்கேயோ பிடித்து, கையால் சுற்றுகிற சைரன் ஒன்றை வாங்கி வந்தார். மாதத்துக்கு ஒருமுறை, எப்போது என்று சொல்லாமல், அதைச் சுற்றுவார். விஷக்காற்று வந்துவிட்டதாக வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் சைரனில் எல்லோரும் வகுப்புக்குள் ஓடி வர வேண்டும். ஆளுக்கொரு கைத்துண்டு வீட்டிலிருந்து கொண்டு வந்து பக்கெட்டில் போட்டிருந்தோம் அல்லவா, மூலையில் பெயர் தைத்து? அதை நனைத்து மூக்கில் கட்ட வேண்டும். மாதக்கணக்கில் ஈரத்திலேயே கிடந்து அந்தத் துண்டுகள் அடித்த நாற்றம் இருக்கிறதே, விஷக்காற்றே தேவலாம். இரண்டாவது சைரனில் லீடர் கதவை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டு, கீழ்ச் சந்தில் சாக்குத்துணியைத் திணிக்க வேண்டும். அதற்குப் பிறகு அப்பாவே வந்து தட்டினாலும் திறக்கக் கூடாது. கரஸ்பாண்டென்ட் ஒவ்வொரு வகுப்பாக வந்து, ஜன்னல் கண்ணாடி வழியாகத் தலைகளை எண்ணி, கரும்பலகையில் எழுதியிருக்கும் வருகை எண்ணோடு சரிபார்த்து மார்க் போடுவார். ஒரு தலை குறைந்தால் பத்து மார்க் போய்விடும். அந்த வருஷம் முழுக்க அதிக மார்க் வாங்கும் வகுப்புக்கு ஆண்டு விழாவில் பாதுகாப்புக் கோப்பை.

வெளியே மாட்டிக்கொண்டவனைப் பிடித்தால் சட்டையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு, "நீ டெட்" என்பார். நமக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. இன்டர்வெல்லில் ஓடிப் பிடிக்கும்போதுகூட "நீ டெட், நீ டெட்" என்றுதான் கத்துவோம்.

டீச்சர்களும் சும்மா இல்லை. டிரில் எந்த நாள் என்று முன்னாலேயே தெரியாது, ஆனால் எந்த வாரம் என்று மோப்பம் பிடித்துவிடுவார்கள். அந்த வாரம் முழுக்க அட்டென்டன்ஸைப் பென்சிலில் எடுப்பார்கள். யாராவது பாதியில் காய்ச்சல் என்று வீட்டுக்குப் போனால் எண் இடிக்குமே, அதற்காக. டிரில் முடிந்தபின் சாயங்காலம் மேலே பேனாவை ஓட்டிவிடுவார்கள். எல்லா டீச்சரும் செய்ததுதான். அதில் தப்பு இருப்பதாக ஒருவரும் நினைக்கவில்லை.

எங்கள் அப்பா நெல்லைக்காரர், ப்ளான்ட்டில் வேலை. முதல் டிரில் நடந்த அன்று நான் வீட்டில் துண்டைக் கட்டிக் காட்டியபோது அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "ஏட்டி, சாக்குத்துணிய வச்சு விஷக்காத்த நிறுத்தப் போறாராமா? கூரைக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு சாண் சந்து கெடக்கு, அது ஒங்க சார் கண்ணுல படலையா? எங்க ப்ளான்ட்லயே இவ்வளவு கூத்து கெடையாது." உங்கள் அப்பாக்களும் சிரித்திருப்பார்கள். ஆகவே நமக்குத் தெரியும், இது ஒரு விளையாட்டு என்று. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளுக்குள்ளே சிரித்துக்கொண்டிருப்போம்.

நம் வகுப்பில் ஒருத்திக்கு மட்டும் அது தெரியாது. கடைத்தெருவில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்த பாயின் மகள். உங்களுக்கு நினைவில்லை என்று சொல்லாதீர்கள். மூன்றாவது பெஞ்சு, சுவரோரம். நீல நிறத்தில் வட்டமான வாட்டர் பாட்டில், மூடியில் ஒரு வாத்து. அவள் பென்சில் பாக்ஸில் எப்போதும் வாசனை ரப்பர் இருக்கும், கேட்டால் முகர்ந்து பார்க்கத் தருவாள், கடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்போம். அவள் வீட்டில் இந்த டிரில்லைக் கேட்டுச் சிரிக்க ஆள் இல்லை. பெரிய இடத்தில் வேலை பார்த்தவர் சொல்கிறார் என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் அத்தா சொல்லியிருக்கிறார். அவர் நல்ல துண்டாகப் பார்த்துக் கொடுத்தனுப்பியிருந்தார். ஒவ்வொரு டிரில்லிலும் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, உதடு அசைய ஏதோ ஓதிக்கொண்டிருப்பாள். நாம் அவளைச் சுட்டிக்காட்டிச் சிரிப்போம்.

ஜனவரி மாதம், கடைசி டிரில். நாமும் 'ஏ' பிரிவும் சரிசமமான மார்க்கில் இருந்தோம். அன்றைக்கு எல்லோரும் வந்திருந்தோம், போர்டில் நாற்பத்திரண்டு என்று, லீடரான நான்தான் என் கையால் எழுதினேன். பத்தரை மணி இருக்கும். அவள் எழுந்து, "டீச்சர், தண்ணி புடிச்சிக்கினு வர்றேன்" என்றாள். டீச்சர் தலையை ஆட்டினார். தண்ணீர்க் குழாய் பி.டி. அறைக்குப் பக்கத்தில், மைதானத்தின் அந்தக் கோடியில். அவள் போய் இரண்டு நிமிஷம் ஆகவில்லை, சைரன் ஊளையிட ஆரம்பித்தது.

டீச்சர் வாசலுக்கும் மேஜைக்கும் இரண்டு தடவை நடந்தார். இரண்டாவது சைரன் அடித்தது. நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன், சாக்கைத் திணித்தேன். துருப்பிடித்த தாழ்ப்பாள், உள்ளங்கையில் பழுப்பாக ஒட்டிக்கொள்ளும். நான் கையைப் பாவாடையில் துடைப்பதற்குள் அவள் வந்துவிட்டாள். ஓடிவந்த மூச்சு கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டது.

"தொறங்க. நாந்தான். தொறங்க டீச்சர்."

டீச்சர் என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார். "திறக்காதே. திறந்தா போச்சு" என்று மெதுவாகச் சொன்னார். நீங்கள் எல்லோரும் துண்டுக்குள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அவள் உள்ளங்கையால் அடித்தாள்.

"லீடர், தொற. காத்து வந்துடும்."

நான் கதவிடுக்கில் வாயை வைத்து, கரஸ்பாண்டென்ட் சொல்கிற அதே தோரணையில் சொன்னேன்: "நீ டெட். நீ செத்துட்ட. போ."

தட்டுவது நின்றது. பிறகு அவள் சொன்னாள், சத்தம் போடாமல், எனக்கு விளக்குவது மாதிரி: "இல்ல, எனக்கு மூச்சு வருது. இன்னும் சாவல. தொற."

நான் திறக்கவில்லை. நான் ஒன்பது வயதுக் குழந்தை, டீச்சர் சொன்னார், ரூல் அப்படி என்றெல்லாம் இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். உண்மை என்னவென்றால் அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒருத்தி கெஞ்சுகிறாள், தாழ்ப்பாள் என் கையில் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை நான் நன்றாக நினைவு வைத்திருக்கிறேன்.

அவள் காலடிச் சத்தம் ஓடித் தேய்ந்தது. டீச்சர் ரெஜிஸ்டரைத் திறந்து, அவள் பெயருக்கு நேரே ரப்பரால் அழித்து, ஆப்சென்ட் போட்டார். போர்டில் இரண்டை ஒன்றாக்கினார். "அந்தப் பையை எடுத்து பீரோவுக்குப் பின்னால வை" என்றார். நான்தான் வைத்தேன். கரஸ்பாண்டென்ட் வந்தார், கண்ணாடி வழியாக எண்ணினார், நாற்பத்தொன்று. போர்டைப் பார்த்தார், நாற்பத்தொன்று. முழு மார்க். நமக்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

டிரில் முடிந்ததும் டீச்சர் என்னை அனுப்பினார். குழாயடியில் நீல வாட்டர் பாட்டில் மட்டும் இருந்தது, நிரம்பி, மூடி போடாமல். பாத்ரூமில் இல்லை. திரும்பி வந்து சொன்னேன். "பயந்துக்கிட்டு வீட்டுக்கு ஓடியிருக்கும். கடை பக்கத்திலதானே" என்றார் டீச்சர். கேட் பூட்டியிருந்தது, அதற்கு வாட்ச்மேன் காவல் இருந்தார். அவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று டீச்சருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இல்லை, டீச்சருக்குத் தோன்றியிருக்கும், ஆனால் கேட்டால் ரெஜிஸ்டர் கதை வெளியே வருமே. அப்புறம் சமூக அறிவியல் நடந்தது, மதியச் சாப்பாடு நடந்தது. அன்றைக்கு எனக்கு லெமன் சாதம், அப்பளம் நமுத்துப்போயிருந்தது. இது ஏன் நினைவிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு அவள் அத்தா மொபெட்டில் வந்தார். ஆண்டு விழா நடனத்துக்காக நாங்கள் பத்துப் பேர் நின்றிருந்தோம். எல்லாப் பிள்ளைகளும் போய்க் கேட் காலியானதும் அவர் உள்ளே வந்தார்.

"எம் பொண்ணு இன்னும் வர்லிங்களே."

டீச்சர் ரெஜிஸ்டரைப் பிரித்தார். அதற்குள் பேனா ஓடியிருந்தது. "அவ இன்னிக்கு ஆப்சென்ட் பாய்."

"காத்தால நாந்தானேங்க கேட்டாண்ட வுட்டுட்டுப் போனேன்."

"கேட்ல விட்டீங்க. உள்ள வந்தாளான்னு பாத்தீங்களா?"

பாய் வாட்ச்மேனைப் பார்த்தார். "இன்னா நைனா, நீ பாக்கலியா?"

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "வந்த மாதிரிதான் கீது. ஆனா இத்தினி புள்ளைங்க வருது பாய், அடிச்சி சொல்ல முடியலியே."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "லீடர், இன்னிக்கு அவ வந்தாளா?"

என் சட்டையில் லீடர் பேட்ஜ் குத்தியிருந்தது. நான் அதைத் தொட்டுக்கொண்டே, "வரலை டீச்சர்" என்றேன்.

அந்த மனிதர் மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போனார். போய் எங்கே தேடினார்கள் தெரியுமா? கடலோரத்தில், சவுக்குத் தோப்பில், பாழுங்கிணற்றில், பஸ் ஸ்டாண்டில். கடைத்தெருவே கடையைச் சாத்திவிட்டுத் தேடியது. பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் ஒருவரும் தேடவில்லை. பள்ளிக்கூடத்துக்குத்தான் அவள் வரவே இல்லையே.

ஐந்தரை மணிக்கு, நடனத்துக்குக் கோலாட்டக் குச்சி வேண்டும் என்று ஆயாவை பி.டி. அறைக்கு அனுப்பினார்கள். பி.டி. சார் அன்றைக்கு லீவு, அறையை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அங்கே பந்து, குச்சி, கொடி எல்லாம் போட்டு வைக்கிற பெரிய தகரப் பெட்டி ஒன்று இருந்தது. நாம் நாலைந்து பேர் அதன்மேல் வரிசையாக உட்காருவோமே, அது. ஆயாவின் அலறல் மைதானம் முழுக்கக் கேட்டது.

"ஐயோ டீச்சர், ஓடியாங்க! பொட்டிக்குள்ள புள்ள கீது!"

காற்றுப் புகாத இடம்தான் உயிர் பிழைக்கிற இடம் என்று மாதா மாதம் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாக் கதவும் சாத்திய பிறகு, அவள் தனக்குத் தெரிந்த காற்றுப் புகாத இடத்தைத் தேடிப் போயிருக்கிறாள். உள்ளே இறங்கி மூடியைத் தானே இழுத்துச் சாத்தியிருக்கிறாள். வெளிப்பக்கக் கொண்டி தானாக விழுந்து மாட்டிக்கொண்டது. ஈரத் துண்டு வகுப்பில் இருந்ததால் சட்டையில் குத்தியிருந்த கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். பாடத்தை ஒன்று விடாமல் செய்திருந்தாள்.

ஏழு மணி நேரம். தகரத்தில் ஒரு பக்கம் துருப்பிடித்துச் சுண்டு விரல் அளவுக்கு ஓட்டை இருந்தது, அதனால் பிழைத்தாள். துரு அவளைக் காப்பாற்றியது. ஆயா அவளைத் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டி ஓடினார். முகம் வெந்த மாதிரி இருந்தது, விரல் நுனி எல்லாம் ரத்தம். என்னைத் தாண்டும்போது கண் பாதி திறந்திருந்தது. என்னைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. டாக்ஸி பிடித்துச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அன்றைக்கு வீட்டில் நான் சாப்பிடவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தாழ்ப்பாள், பை, ரப்பர், எல்லாம். அம்மா அடுப்பைத் தணித்தார். பிறகு சொன்னார்: "ஏட்டி, டீச்சர் என்ன சொல்லுதாங்களோ அதையே நீயும் சொல்லு. அப்பாட்ட வாயைத் தொறக்காத. அந்தப் புள்ளதான் பொழைச்சிட்டுல்லா?" அப்புறம் எனக்குப் பிடிக்கும் என்று அப்பளம் பொரித்துத் தந்தார். என் அம்மா கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்.

பள்ளிக்கூடமும் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. பிள்ளை வகுப்புக்கு வராமல் ஊர் சுற்றியிருக்கிறது, பையோடு மதில் ஏறிக் குதித்து உள்ளே வந்து விளையாட்டாகப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான். மதில் ஏற விட்டதற்காக வாட்ச்மேனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். "நான் கேட்டாண்டயே நின்னுக்கினு இருந்தேன் சார், எவனும் மதில் ஏறல" என்று அந்த ஆள் வராந்தாவில் நின்று சொன்னதை நாமெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அவர் போன பிறகு மதில் மேல் கண்ணாடிச் சில்லு பதித்தார்கள். குழந்தைகளின் பாதுகாப்புக்காக.

பத்து நாள் கழித்து பாய் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். கரஸ்பாண்டென்ட் நாற்காலியில், டீச்சர் பக்கத்தில் நின்றுகொண்டு. அவள் விரல்களில் கட்டுப் போட்டிருந்தது. பாய் சண்டை போட வரவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எங்களுக்கு ஒண்ணியும் வாணாம் சார். வந்த புள்ளைய வர்லன்னு எழுதியிருக்கீங்க. ஊர்ல எல்லாரும் எம் புள்ளைய ஓடுகாலிங்கறாங்க. அத மட்டும் திருத்திக் குடுத்துடுங்க."

கரஸ்பாண்டென்ட் ரெஜிஸ்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தார். "ரெக்கார்டு பொய் சொல்லாது பாய். சரி, குழந்தையையே கேப்போம். இவதான் லீடர், கிளாஸ்ல ஃபர்ஸ்ட் ரேங்க். சொல்லும்மா. பயப்படாம உண்மையைச் சொல்லு. அன்னிக்கு இவ வந்தாளா?"

டீச்சரின் கை என் தோளில் இருந்தது.

"வரலை சார்."

"பொய்யி அத்தா!" என்று அவள் கத்தினாள். "இவதான் கதவுக்குப் பின்னால இருந்து பேசினா. நான் செத்துட்டேன்னு சொன்னா. இவதான்!"

"நான் பேசலை சார்."

பாய் என்னைப் பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டை, பேட்ஜ், பளபளக்கிற ஷூ. பிறகு ரெஜிஸ்டரைப் பார்த்தார், பேனாவில் எழுதியிருந்தது. பிறகு மகளைப் பார்த்தார். அந்த மனிதர் முகம் மாறியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் உள்ளே வரும்போது அவளை நம்பிக்கொண்டுதான் வந்தார்.

"அப்ப நீ எங்கதான் போன?" என்று கேட்டு, கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

"அடிக்காதீங்க பாய். குழந்தை" என்றார் கரஸ்பாண்டென்ட்.

அன்றே டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள். நான் வகுப்புக்குத் திரும்பியபோது நீங்கள் நாற்பது பேரும் என்னைப் பார்த்தீர்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. உங்களில் ஒருவர், ஒரே ஒருவர், வீட்டில் போய், "அவ வந்தா, கதவைத் தட்டினா, நாங்க சிரிச்சோம்" என்று சொல்லியிருந்தால் போதும். சொன்னீர்களோ என்னவோ. உங்கள் அம்மாக்களும் அப்பளம் பொரித்துத் தந்தார்களோ என்னவோ. அடுத்த மாதம் ஆண்டு விழாவில் நமக்குக் கோப்பை கொடுத்தார்கள். குழந்தைகள் பாதுகாப்பில் முழு மார்க் எடுத்த வகுப்பு என்று மைக்கில் சொன்னார்கள். நீங்கள் இதயம் போட்ட போட்டோ அதுதான்.

நான் இப்போது இருப்பது ஊரப்பாக்கத்தில், வேலை நாவலூரில். போன வாரம் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு அவளைத் தேடிப் போனேன். நம் ஊர்க் கடைத்தெருவில் விசாரித்தால் சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் கடை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். போவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளில், பேனாவில் எழுதினேன். அன்றைக்கு அவள் வந்தாள், நான்தான் தாழ்ப்பாளைப் போட்டேன், நான்தான் பொய் சொன்னேன் என்று முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் அத்தாவிடம் நேரில் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் தாமதமாகச் செய்தாலும், செய்யப்போகிறேன் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்த லீடர் இன்னும் சாகவில்லை பாருங்கள்.

ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே சின்ன ஸ்டேஷனரிக் கடை. அழைத்துப்போக ஆள் வராத இரண்டு பிள்ளைகள் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தன. அவள் தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து, "இன்னா வேணும்?" என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பார்த்தாள்.

"வாங்க லீடர்" என்றாள்.

கோபமே இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் தாளை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தாள். வலது கையில் இரண்டு நகம் சரியாக வளரவே இல்லை.

"அஞ்சாவதோட நிறுத்திட்டாரு. ஓடுகாலிக்கு எதுக்குப் படிப்புன்னு. அதான் படிக்க நேரமாவுது" என்றாள்.

"உங்க அத்தா இருக்காரா? அவர்கிட்ட நானே..."

"போன ரம்ஜானுக்கு முந்தி மவுத்தாயிட்டாரு."

ஒரு பிள்ளை இரண்டாவது பிஸ்கட் கேட்டது, எடுத்துக் கொடுத்தாள்.

"ஆஸ்பத்திரியில படுத்துக்கினு இருக்கறப்பகூட கேட்டாரு. இப்பனாச்சும் நெசத்த சொல்லும்மா, அன்னிக்கு எங்க போனன்னு. அவருக்கு அது ஒண்ணுதான் மன்சுல கெடந்துச்சி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஸ்கூலுக்குப் போவல அத்தா, கடலாண்ட சுத்திக்கினு இருந்தேன், தப்புதான்னு சொன்னேன். தலையத் தடவிக் குடுத்தாரு. இன்னா பண்றது? அவரும் நிம்மதியாப் போவணும் இல்ல."

தாளை மடித்தாள், நான் மடித்திருந்த அதே மடிப்பில். என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு இது எதுக்கு லீடர்? நான் வந்தேன்னுதான் எனக்குத் தெரியுமே."

அதற்குள் ஒரு அம்மா ஸ்கூட்டியில் வந்து ஹாரன் அடித்தார். அவள் எழுந்து போய், பிள்ளையின் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டிவிட்டு, அந்த அம்மாவின் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கையை விட்டாள். திரும்பி வந்து மிச்சமிருந்த பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். நான் கிளம்பினேன்.

ரிசார்ட்டுக்கு நாற்பத்தொரு பேர் என்றே புக் பண்ணிக்கொள்ளுங்கள், அதில் என்னையும் கழித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் என் ஹேண்ட்பேக்கில்தான் இருக்கிறது. என் கையெழுத்துக்குக் கீழே நாற்பது பேருக்கு இடம் இருக்கிறது. யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.